ஐஸுக்கு வியர்க்கும் ஊர்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை கிழக்கு பார்த்த சாலை. பிற்பகல் சாய்ந்ததும் சூரியன் தலைமைச் செயலகம் முதலான கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். நடைபாதை முழுக்க நிழல். மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ஊரே காற்று வாங்க வந்துவிடும். வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் கோனோ கப்போ குச்சியோ இருக்கும். வெயில் தாழ்ந்துவிட்டது, கடற்காற்றும் வீசுகிறது, இனி நிதானமாகத் தின்னலாம் என்பது அவர்கள் கணக்கு. காந்தி சிலையருகே வாங்கிக்கொண்டு டூப்ளெக்ஸ் சிலைப் பக்கம் நடந்து பாருங்கள். பாதி வழியிலேயே பிசுபிசுவென்று வழிந்து மணிக்கட்டைத் தாண்டியிருக்கும்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைக்காரர் கரண்டுக்குப் பயந்து ஃப்ரீசரைக் குறைத்து வைத்திருக்கிறார். எல்லாம் கலப்படம். அந்தக் காலத்து ஐஸ்கிரீம் இப்படியா உருகும்? காற்றின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருகிக்கொண்டிருக்கும் ஐஸின் மேற்பரப்பு 0 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் இந்த ஊர் மாலைக்கு இது மிகையான எண் இல்லை. அந்தக் காற்று ஐஸுக்கு இரண்டு வழியாகச் சூட்டைக் கொடுக்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: சூடான காற்று குளிர்ந்த பொருளைத் தொட்டுத் தன் சூட்டை இழக்கிறது. மற்றொன்று காற்றில் கலந்திருக்கும் நீராவி வழியாக வருகிறது. ஐஸில் பட்டதும் அந்த ஆவி தண்ணீராகப் படிகிறது. கடலிலிருந்து ஆவியாகிக் கிளம்பியபோது எவ்வளவு சூட்டை எடுத்துக்கொண்டதோ, படியும்போது அவ்வளவையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. ஒரு கிராம் ஆவி படிந்தால் வெளிவரும் சூடு ஏழு கிராமுக்கு மேற்பட்ட ஐஸை உருக்கிவிடும். இரண்டையும் கூட்டினால், மேலே சொன்ன மாலையில் காற்றிலிருந்து ஐஸுக்கு வந்துசேரும் சூட்டில் பாதிக்கும் மேல் இந்த ஈரத்தின் வழியாகவே வருகிறது. காற்றின் வெப்பம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

இதையே வேறு ஊரில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ராஜஸ்தான் பாலைவன ஓரம், மே மாத மதியம், 40 டிகிரி, ஈரப்பதம் பதினாறு பதினேழு சதவீதம். அங்கே ஒரு திண்ணை நிழலில் ஒரு ஐஸ் கட்டி. இங்கே 30 டிகிரி மாலையில் அதே அளவு கட்டி. காற்றின் வேகமும் ஒன்றே. முதலில் கரைவது நம்முடையது. பத்து டிகிரி குறைவாக இருந்தும் புதுச்சேரிக் காற்று ஐஸுக்குள் இறக்கும் சூடு சுமார் நாற்பது சதவீதம் கூடுதல். வெயிலில் வைத்தால் கதை மாறும், நிழலில் இதுதான் நிலவரம். வானிலை அறிக்கையில் நாம் பார்க்கும் ஒற்றை எண் ஐஸுக்கு ஒன்றையும் சொல்வதில்லை.

வீசுகிற வேகம் அதற்கு மேல். அசையாத காற்றில் ஐஸைச் சுற்றி ஒரு குளிர்ந்த காற்றுப் படலம் தங்கும். அதுதான் அதற்குப் போர்வை. காற்றடித்தால் போர்வை பறந்துவிடும், புதிய சூடும் புதிய ஈரமும் வந்து ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரியின் பழைய நகரம் கட்டம் போட்டது போல நேர்கோடுகளில் அமைந்தது. நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி எல்லாம் கிழக்கு மேற்காக ஓடுகிறவை. கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று தடையில்லாமல் உள்ளே நடந்து வரும். மிஷன் வீதி தெற்கு வடக்கு. காற்று அங்கே கட்டடங்களில் முட்டி நின்றுவிடும். மிஷன் வீதிக் கடை வாசலில் புழுக்கத்தில் நின்று தின்கிறவர் கையில் ஐஸ்கிரீம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால் யார்தான் அங்கே நிற்கப் போகிறார்கள்?

மனிதருக்கும் ஐஸுக்கும் ஒத்துவராத இடம் இதுதான். நம் உடம்பு காற்றைவிடச் சூடானது, ஈரமானது. காற்று வந்து வியர்வையைக் கொண்டுபோகிறது, குளிர்கிறது. ஐஸ் காற்றைவிடக் குளிர்ந்தது. அதே காற்று அதன் மேல் வியர்வையைக் கொண்டுவந்து கொட்டுகிறது, உருகுகிறது. நமக்குச் சுகம் தருவதெல்லாம் அதற்குக் கேடு. விருந்தில் ஐஸ்கிரீம் தட்டுகளுக்கு நேராக ஃபேனைத் திருப்பிவைக்கும் உறவினர்கள் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. நல்ல மனதோடுதான் வைக்கிறார்கள்.

கடற்கரை ஊரின் இந்த ஈரம் ஐஸை உருக்கியதோடு நிற்கவில்லை, ஐஸ் உண்டாவதையும் தடுத்திருக்கிறது. 1775இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலத் தளபதி லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஒரு விவரம் எழுதினார். அலகாபாத் பக்கத்தில் குளிர்கால இரவுகளில் தரையில் குழி வெட்டி, கரும்புத் தண்டோ காய்ந்த சோளத்தட்டையோ பரப்பி, அதன் மேல் மெருகு பூசாத, ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும்போது ஐஸ் படிந்திருக்கும். அந்த ஊரில் குளமோ குட்டையோ தானாக உறைந்ததே இல்லை என்கிறபோதும் தட்டுத் தண்ணீர் உறைந்தது. மேகமில்லாத, காற்றசையாத, வறண்ட இரவில் தண்ணீர் தன் சூட்டை வானத்துக்கு வீசிவிடும், நுண்ணிய துளைகள் வழியாகக் கொஞ்சம் ஆவியாகவும் செய்யும். சோழமண்டலக் கரையில் இது நடக்காது. காற்றிலிருக்கும் நீராவி, தரை வீசும் சூட்டில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்ஸுக்கு இருந்த செல்வாக்கில் என்னென்னவோ கிடைத்திருக்கும். புதுச்சேரியில் ஓர் இரவில் தட்டு நிறைய ஐஸ் எடுக்க அவராலும் முடிந்திருக்காது.

மண்பானையும் இங்கே பாதி வேலைதான் செய்கிறது. ஆவியாகிக் குளிர்வதற்கு ஓர் எல்லை உண்டு. முன்சொன்ன ராஜஸ்தான் மதியத்தில் பானைத் தண்ணீர் 21 டிகிரி வரை இறங்கலாம். புதுச்சேரியின் 30 டிகிரி மாலையில் 26க்குக் கீழே போக வழியில்லை. காற்று ஏற்கெனவே நனைந்திருக்கிறது, பானையிலிருந்து வாங்கிக்கொள்ள அதற்கு மனமில்லை. நம் பானைத் தண்ணீரின் புகழ் மண்வாசத்தால் கொஞ்சம் கூட்டிச் சொல்லப்பட்டது என்றுதான் நினைக்கிறேன். பானைக்கு விசுவாசமானவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உருகுவதற்கு இவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது என்பதே நல்லவேளை. 0 டிகிரி ஐஸை அதே 0 டிகிரித் தண்ணீராக்க மட்டும் கிராமுக்கு 80 கலோரி. அந்தச் சூட்டை அந்தத் தண்ணீருக்கே கொடுத்தால் 80 டிகிரி வரை கொதிநிலைப் பக்கம் போய்விடும். இதை முதலில் அளந்து சொன்னவர் ஜோசப் பிளாக். பிறந்தது பிரான்சின் போர்தோ நகரில், ஒயின் வியாபாரியின் மகன். அளந்தது 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். உருகுவதற்கென்று தனிச் சூடு தேவைப்படாமல் இருந்தால் வசந்தம் வந்ததும் மலைப் பனி முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளமாக இறங்கிவிடுமே என்று யோசித்தவர் அவர். வெப்பமானியில் பாதரசம் அசையாமல் நிற்கும்போதும் சூடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு.

அதை ஒரு கருவியாகவே செய்தவர்கள் பாரிஸில் லவாய்சியரும் லாப்ளாசும். 1782-83 குளிர்காலம். ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றியை வைத்தார்கள். அதைச் சுற்றி ஐஸ். அந்த ஐஸைச் சுற்றி இன்னொரு அடுக்கு ஐஸ். வெளி அடுக்கு அறையின் சூட்டைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும், உள் அடுக்கு பிராணியின் உடல் சூட்டால் மட்டும் உருகும். சொட்டும் தண்ணீரை நிறுத்தால் ஓர் உயிர் மூச்சு விடும்போது எவ்வளவு சூடு உண்டாகிறது என்று தெரிந்துவிடும். இந்த வேலை நடந்த குளிர்காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. 1778இல் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர் 1785இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வெளி ஐஸைப் பலி கொடுத்து உள் ஐஸைக் காக்கும் அந்த உத்தி மட்டும் கொடி பார்க்காமல் எல்லா ஊருக்கும் போயிருக்கிறது. மீன்பெட்டி அடுக்குகிறவர்களுக்கு அதை யாரும் பிரெஞ்சில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு ஐஸ் கப்பலில் வந்த கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக மெரினாவில் நிற்கிறது. அந்தக் கதையில் எனக்கு வேண்டியது ஒரு கணக்கு. 1833இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற ஐஸ் வியாபாரி அனுப்பிய டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, நான்கு மாதம் கடலில் கிடந்து, நிலநடுக்கோட்டை இரண்டுமுறை கடந்து கல்கத்தா வந்தபோது 100 டன் மிச்சமிருந்தது. நான்கு மாதத்தில் பாதிகூடப் போகவில்லை. நம் வீட்டு டம்ளரில் போட்ட ஐஸ் கால்மணிநேரம் தாங்காது. ரகசியம் பாதி மரத்தூளில் இருக்கிறது, பாதி பருமனில். ஒரு மீட்டர் கனசதுரமாக இருக்கும் ஐஸுக்கு வெளியே தெரியும் பரப்பு 6 சதுர மீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்தால் 600 சதுர மீட்டர். சூடு நுழைவது மேற்பரப்பு வழியாக. நூறு மடங்கு வாசல் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கப்பலில் கட்டிகளை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கியதும், உருகிய தண்ணீர் தேங்காமல் வடியவிட்டதும், மரத்தூளை நனையாமல் காத்ததும் இதற்காகத்தான். நனைந்த மரத்தூளில் காற்று இருக்காது. அதன் இடத்தில் தண்ணீர் இருக்கும், தண்ணீர் சூட்டைக் கடத்திவிடும். நம் பக்கம் மரத்தூள் கிடைக்காத இடத்தில் உமி அந்த வேலையைச் செய்தது. சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றி, உமி ஒட்டிக்கொண்டு, சொட்டிக்கொண்டே போன ஐஸ் பாரை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஐஸைப் பற்றி இந்த ஊரில் உண்மையாகக் கவலைப்படுகிறவர்கள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறார்கள். வீராம்பட்டினம், வைத்திக்குப்பம், சோலை நகர், நல்லவாடு என்று கடலோரக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் ஐஸ் அன்றாடச் செலவு. டீசலுக்கு அடுத்தபடி கணக்கில் வருவது அது. ஐஸ் கம்பெனியில் தகரக் கேன்களில் தண்ணீர் நிரப்பி, அமோனியாவால் குளிரூட்டிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைப்பார்கள். அமோனியாவைக் கொண்டு ஐஸ் செய்யலாம் என்று 1859இல் காப்புரிமை வாங்கியவர் ஃபெர்டினாண்ட் கரே என்ற பிரெஞ்சுக்காரர். இயந்திரத்தின் வடிவம் எவ்வளவோ மாறிவிட்டது, நெடி மாறவில்லை. கேனில் ஐஸ் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி வளரும். வளர வளர வேகம் குறையும், உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு முன்னமே உறைந்த ஐஸைக் கடந்து வெளியேற வேண்டுமே. கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. அவசரப்படுத்த முடியாத வேலை. கடைசியில் உறையும் நடுப்பகுதி வெள்ளையாகக் கலங்கியிருக்கும். கரைந்திருந்த காற்றும் உப்பும் ஓட இடமில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டவை.

இந்த ஐஸ் பாரை முழுசாக வைத்தால் நெடுநேரம் தாங்கும். ஆனால் படகுக்காரர் அதை உடைக்கும் மிஷினில் கொடுத்துத் தூளாக்கித்தான் ஏற்றுகிறார். டியூடர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். டியூடருக்கு ஐஸ் சரக்கு, உருகினால் நஷ்டம். மீனவருக்கு ஐஸ் வேலையாள்; உருகாவிட்டால் நஷ்டம். மீனின் சூட்டை எடுப்பது உருகும் செயல்தான். தூள் ஐஸ் மீனின் உடம்போடு படிந்து, உருகிய 0 டிகிரித் தண்ணீர் செதிலுக்கும் செவுளுக்கும் இடையே வழிந்து, சூட்டையும் ரத்தத்தையும் பாக்டீரியாவையும் கழுவிக்கொண்டு போகிறது. பெரிய கட்டியை மீன் மேல் வைத்தால் தொட்ட இடம் நசுங்கும், தொடாத இடம் அழுகும். ஆக ஐஸ் எவ்வளவு மெதுவாக உருகுகிறது என்ற கேள்வியைவிட, எதற்காக உருகுகிறது என்ற கேள்வி துறைமுகத்தில் முக்கியம். மீனுக்காக உருகினால் லாபம். காற்றுக்காக உருகினால் காசு கரைகிறது.

அந்தக் காசு எவ்வளவு கரைகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 வரை இறக்க முந்நூறு, முந்நூற்றைம்பது கிராம் ஐஸ் போதும். ஆனால் வெப்பமண்டலக் கடலில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்பதுதான் நடைமுறை. மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு பெட்டிச் சுவருக்கும், மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே விழும் ஈரக்காற்றுக்கும், ஏலத் தளத்தில் காத்திருக்கும் நேரத்துக்கும் போகிறது. கூடை கைமாறிப் பெரிய மார்க்கெட்டுக்கு வந்தபின் விற்கும் பெண்கள் கையிலிருப்பது ஒரு அலுமினியச் சட்டியும் இரண்டு கை ஐஸும். அலுமினியம் சூட்டைத் தாராளமாக உள்ளே விடும் உலோகம். அதனால்தான் சட்டிக்கு அடியில் சாக்கை மடித்துப் போடுவதும், மேலே பாலித்தீன் தாளை இழுத்து மூடுவதும். அந்தத் தாள் காற்றைத் தடுக்கிறது, ஈரம் வந்து படிவதையும் தடுக்கிறது. ஐஸைப் பொறுத்தவரை இந்த ஊரில் அதைவிட மலிவான கருவி எதுவும் இல்லை. தாளைத் தூக்கி, மீனைப் புரட்டிப் பார்த்து, செவுளை விரித்து, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற நம்மைப் போன்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி ஐஸை எடுத்துக்கொண்டுதான் போகிறோம். வாய் நிறையத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஐஸுக்குக் கடுமையான பருவம் எதுவோ அதில் மீன் வரத்து குறைவு என்பதும் ஒரு விசித்திரம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று போட்ட தடை. அந்த இரண்டு மாதம் துறைமுகத்துக்கு ஐஸ் தேவை சுருங்கி, சர்பத் கடைகளுக்குத் தேவை பெருகும். மீனுக்குப் போட்ட ஐஸ் நன்னாரி சர்பத்தில் வந்து விழும் பயத்தில், உண்ணத் தகாத ஐஸுக்கு நீலம் கலக்க வேண்டும் என்று 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. நீல ஐஸைத் தேடிப் பாருங்கள்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் ஐஸைப் பற்றிப் பேச முடியாது. வடக்கே மரக்காணம் போகும் வழியில் உப்பளங்கள். அங்கே வெயில் தண்ணீரைத் துரத்திவிட்டு உப்பை விட்டுவைக்கிறது. அந்த உப்பு ஐஸோடு சேர்ந்தால் அதை வேகமாக உருக்கும். உருகுவதற்கான 80 கலோரி எங்கிருந்து வரும்? பக்கத்தில் இருப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஐஸும் உப்பும் சரியான அளவில் கலந்தால் கலவை பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டியில் சிவப்புத் துணி சுற்றிய பானைக்குள் நடப்பது இதுதான்: ஐஸ் உருகுகிறது, அதனால் குல்ஃபி உறைகிறது. கரண்டும் கம்ப்ரசரும் இல்லாத ஃப்ரீசர். ஐஸ் உருகுவதைச் சாவு என்று நினைத்துக் கவிதை எழுதுகிறவர்கள் ஒருதடவை அந்தப் பானைக்குள் எட்டிப் பார்க்கலாம்.

குல்ஃபி நிதானமாகக் கரைவதற்கும் ஐஸ்கிரீம் நிதானமாகக் கரைவதற்கும் காரணங்கள் எதிரெதிரானவை. சுண்டக் காய்ச்சிய பால் குல்ஃபியில் காற்று ஏறக்குறைய கிடையாது. அதே பருமனில் சரக்கு அதிகம், உருக்கச் சூடும் அதிகம் வேண்டும். ஐஸ்கிரீமில் கடைந்து ஏற்றிய காற்று. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு விதி; அப்படியென்றால் டப்பாவில் கிட்டத்தட்டப் பாதி காற்றாக இருக்கலாம். அந்தக் குமிழிகள் சூட்டைத் தடுக்கும். பாலின் கொழுப்பு குமிழிகளைச் சுற்றி ஒரு சாரம் கட்டி நிற்கும். உள்ளே ஐஸ் கரைந்த பிறகும் உருவம் குலையாமல் இருப்பது அதனால். பாண்லே ஐஸ்கிரீம் கப்பும் சாலையோர ஜெலாட்டோவும் ஒரே மேசையில் இருந்தால் ஜெலாட்டோ முதலில் தளரும் என்று பந்தயம் கட்டுவேன். அதில் காற்றும் கொழுப்பும் குறைவு, கடையில் எடுத்துக் கொடுக்கும்போதே ஐஸ்கிரீமைவிடக் குளிர் குறைவாகத்தான் இருக்கும்.

உருகாத ஐஸ்கிரீமைப் படம்பிடித்து, பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் அதில் இருக்கும் பசைகளின் ஊரைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுவார்கள். ஒன்று குவார் பசை, நம் கொத்தவரையின் விதையிலிருந்து எடுப்பது. இன்னொன்று காராஜீனன், செங்கடற்பாசியிலிருந்து வருவது; அந்தப் பாசியை ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். இவை ஐஸ் உருகும் வெப்பநிலையை மாற்றுவதில்லை. உருகிய தண்ணீரைக் கெட்டியாக்கி ஓடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. உருகியது தெரியாமல் இருப்பதும் உருகாமல் இருப்பதும் நாக்குக்கு ஒன்றுதான்.

சர்க்கரை எதிர்த்திசையில் வேலை செய்யும். தண்ணீர் உறையும்போது ஐஸ் படிகம் சுத்தமான தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு சர்க்கரையையும் சாயத்தையும் ஒதுக்கிவிடும். ஒதுங்கியது படிகங்களுக்கு இடையே கெட்டிப் பாகாக நிற்கும். பூஜ்யத்துக்கு வெகு கீழேயே இளகத் தொடங்கும். குச்சி ஐஸை உறிஞ்சிய பிள்ளைகளுக்கு இந்த இயற்பியல் தெரியும். நாலு உறிஞ்சலில் சிவப்பும் இனிப்பும் போய்விடும், கையில் வெள்ளை ஐஸும் குச்சியும் மிஞ்சும். இனிப்பு கூடக் கூடச் சீக்கிரம் வழியும் என்பதால், சர்க்கரை குறைத்தால் கல்லாகும், கூட்டினால் கஞ்சியாகும்; தயாரிப்பவரின் கைத்திறமை முழுக்க இந்த இடைவெளியில் இருக்கிறது.

உருகி மறுபடி உறைந்தது பழையபடி ஆவதில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது; அதன்பின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காமல் வைத்தால் நிரம்பிய ஃப்ரீசர் 48 மணிநேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணிநேரம்தான் என்பது பொதுவான கணக்கு. லவாய்சியரின் வெளி அடுக்கு இங்கேயும் இருக்கிறது: ஒரு டப்பா மற்ற டப்பாக்களுக்குக் காவல். கரண்ட் வந்தபின் மறுபடி உறைந்த ஐஸ்கிரீமில் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துவிடும். நாக்கில் மணல் போல நெருடும். குமிழிகளும் உடைந்து மட்டம் இறங்கியிருக்கும். மூடியின் உள்பக்கம் பூத்திருக்கும் வெண்பனியைப் பார்த்தே டப்பாவின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். கடைக்காரர் சொல்வது வேறாக இருக்கலாம்.

இப்போது ஐஸ் கட்டியை யாரும் வீட்டுக்கு வாங்கி வருவதில்லை. அது வேறு பெயரில் சுவரில் ஏறிவிட்டது. ஏசியை ‘ஒரு டன்’, ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அந்த டன் மிஷினின் எடை கிடையாது. 24 மணிநேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு சூட்டை இழுக்கும் திறன். அமெரிக்க டன் 907 கிலோ. ஒன்றரை டன் ஏசியை நாள் முழுக்க முழுவேகத்தில் ஓடவிட்டால், ஐம்பது கிலோ ஐஸ் பார் இருபத்தேழு அந்த அறைக்குள் உருகியதற்குச் சமம். துறைமுகத்தில் இவ்வளவு ஐஸை ஒருவர் தலைச்சுமையாகத் தூக்கினால் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். நாம் ரிமோட்டில் தட்டுகிறோம்.

அந்த இருபத்தேழிலும் எல்லாம் அறையைக் குளிர்விக்கப் போவதில்லை. வெள்ளை நகரத்துச் சந்துகளில் மஞ்சள் சுவர்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து ஒரு லிட்டர் சொட்டினால், ஏழு கிலோ ஐஸுக்கு ஈடான குளிர்ச்சி காற்றிலிருந்த ஈரத்தைப் பிழிவதற்கே செலவாகியிருக்கிறது என்று அர்த்தம். பாலைவனத்து ஏசிக்கு இந்தச் செலவு குறைவு. இங்கே ஜன்னலைச் சரியாகச் சாத்தாமல் 18 டிகிரி வைத்து ஓட்டுகிறவர் வங்கக் கடலைச் சொட்டுச் சொட்டாக வடித்து வீதியில் விடுகிறார். ரிமோட்டில் நீர்த்துளிப் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. ஈரத்தை மட்டும் எடுத்துவிட்டு வெப்பநிலையை அதிகம் இறக்காமல் விடும். ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் அதுவே போதும், 26 டிகிரியிலேயே உடம்பு உலர்ந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து அதை அழுத்திப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.